பாடுவது சபையா, ஸ்பீக்கரா?

(திண்டுக்கல்லில் பல சபைகளைச் சேர்ந்த பாடகர் குழுவினரிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த அரங்கில் யாருக்கு எப்படி முகமன் சொல்வதென்றே எனக்குக் குழப்பமாக இருக்கிறது. சிலருக்குத் தோத்திரம் சொல்ல வேண்டும், சிலருக்கு ஸ்தோத்திரம். பின்வரிசையில் கிட்டாரை மடியில் வைத்திருக்கும் தம்பிகளுக்குப் ‘பிரெய்ஸ் த லார்ட்’ சொன்னால்தான் திருப்தி. எல்லாருக்கும் சேர்த்து வணக்கம் சொல்லிவிடுகிறேன்.

அழைப்பிதழில் ‘பழைய பாடல்களா, புதிய பாடல்களா?’ என்று போட்டிருக்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்பு. இரண்டு அணி பிரித்து, நடுவரை நடுவில் உட்கார வைத்து, கடைசியில் ‘இரண்டும் வேண்டும்’ என்று தீர்ப்புச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஒன்றும் மாறியிருக்காது. அந்தத் தீர்ப்பைச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு வேறொரு சந்தேகம் ரொம்ப நாளாக இருக்கிறது. பழைய பாட்டோ புதிய பாட்டோ, நம் ஆலயங்களில் அதைப் பாடுவது யார்?

ஞாயிறு காலை ஆராதனையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதல் பாட்டு பாமாலை என்ற பாட்டுப் புத்தகத்திலிருந்து. முன்வரிசைப் பெரியவர்கள் புத்தகத்தைத் திறக்காமலே பாடுகிறார்கள். நடை ஆமை நடை. நடுவரிசையில் வாயசைப்பு. பின்வரிசையில் கைப்பேசி. அது முடிந்ததும் வாலிபர் குழு எழுந்திருக்கிறது. கீபோர்டு, பேட், பேஸ் கிட்டார் எல்லாம் ஒன்றாக முழங்குகின்றன. திரையில் வரிகள் ஓடுகின்றன. இப்போது பின்வரிசை கைதட்டுகிறது; முன்வரிசைப் பெரியவர் காதிலிருக்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். ஒரே ஆராதனையில் பாதிச் சபை மாறி மாறி வாய்மூடி நிற்கிறது. கத்தோலிக்க ஆலயங்களில் இந்த இழுபறி அவ்வளவாக வெளியே தெரியாது. அங்கே வருகைப் பாடலிலிருந்து நன்றிப் பாடல் வரை பாடகர் குழுவே பாடி முடித்துவிடும். மக்கள் நல்ல ரசிகர்களாக இருந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

‘நம் முன்னோர் பாடிய பாடல்கள் அழிகின்றன’ என்று சேகரக் கமிட்டியில் ஒருவர் குரல் தழுதழுக்கப் பேசுவார். அவர் பேசுவது நியாயம்தான். ஆனால் எந்த முன்னோர், எந்தப் பாடல் என்று கேட்டால் இந்த ஊரிலேயே இரண்டு விடை வரும்.

புனித வளனார் பேராலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1866 முதல் 1872 வரை கட்டிய ஆலயம். 2003இல் திருச்சி மறைமாவட்டத்திலிருந்து திண்டுக்கல் பிரிந்தபோது பேராலயமானது. அந்தக் கட்டடம் எழும்பியபோது அதற்குள் நடந்த பூசை லத்தீனில். ‘தாந்தும் எர்கோ’வையும் ‘தே தேயும்’ பாட்டையும் பொருள் தெரியாமலே பிசகாமல் பாடிய பாட்டிமார்கள் பல குடும்பங்களில் இருந்திருக்கிறார்கள். 1963 டிசம்பர் 4ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய சாசனத்தை வெளியிட்டது. கிரகோரியன் இசைக்கு முதலிடம் என்று அதிலே ஓரிடத்தில் எழுதினார்கள். மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று இன்னோரிடத்தில் எழுதினார்கள். நடைமுறையில் லத்தீன் போய்த் தமிழ் வந்தது. ஆகவே இன்று ஒரு கத்தோலிக்கப் பெரியவர் ‘பழைய பாட்டு’ என்று உருகுவது பெரும்பாலும் இந்த அறுபது ஆண்டுகளுக்குள் பிறந்த பாட்டு. அவருடைய தாத்தாவுக்கு அது தெரியாது.

சி.எஸ்.ஐ. சபையாருக்கும் லுத்தரன் சபையாருக்கும் பழைய பாட்டு என்பது இருநூறு, முந்நூறு ஆண்டுக் கணக்கு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர்கள் தங்கள் நாட்டுப் பாடல்களை மெட்டு மாறாமல் தமிழாக்கினார்கள். பின்னால் வந்த மிஷனரி பப்ரீசியஸ் அந்த வேலையை இன்னும் செம்மையாகச் செய்தார். அது ஞானப்பாட்டு. பின்னால் ஆங்கில மெட்டுகள் வந்தன. அதற்கு அடுத்த அடுக்கு கீர்த்தனை. இன்று இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் ‘பாரம்பரியப் பாடல்கள்’ என்கிறோம். ஒரு காலத்தில் இந்த மூட்டைக்குள்ளேயே சண்டை நடந்திருக்கிறது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர். தஞ்சை மன்னர் சரபோஜியோடு சேர்ந்து படித்தவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதியவர். குறவஞ்சி என்றால் அரண்மனையிலும் கோவிலிலும் ஆடிப் பாடும் வடிவம். அதைத் தூக்கிக் கொண்டுவந்து கிறிஸ்துவைப் பாட வைத்தார். அவருக்கும் 1820களில் தஞ்சைக்கு வந்த புது மிஷனரிமாருக்கும் பெரும் பகை மூண்டது. வேதப் புத்தகத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆலயத்தில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் தடுக்கிறார்கள் என்பது இன்னொன்று. அந்த மிஷனரிகளின் காதுக்குக் கீர்த்தனை அஞ்ஞானக் கச்சேரியாகக் கேட்டது. ஐரோப்பிய மெட்டுதான் பயபக்தி. இன்று டிரம்ஸைப் பார்த்து நாம் சொல்வதை அன்று மிருதங்கத்தைப் பார்த்து அவர்கள் சொன்னார்கள்.

இதே சாஸ்திரியார், நற்கருணைப் பந்தியில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக வருவதையும் எதிர்த்தார். அதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாட எனக்கு மனமில்லை. பாட்டு விஷயத்தில் அவர் கண்டது சரி. பந்தி விஷயத்தில் அவர் நின்ற இடம் தவறு. இந்த இரண்டாவது விஷயம் பாட்டோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தக் கீர்த்தனைகளை ஆலயத்துக்குள் முறைப்படி கொண்டுவந்ததில் நம் பக்கத்துக்கு ஒரு பங்கு உண்டு. திண்டுக்கல் சீர்திருத்தச் சபைகளுக்குத் தாய் அமெரிக்கன் மதுரை மிஷன். அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர் 1853இல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்துப் புத்தகமாக அச்சிட்டார். அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. அப்போது சாஸ்திரியாருக்கு வயது 79. அவர் 1864 வரை இருந்தார். தஞ்சையில் எதிர்ப்பைச் சந்தித்த பாட்டு, மதுரைப் பக்கத்து அமெரிக்க வெள்ளைக்காரர் கையால் புத்தகமாயிற்று. பியானோ மெட்டில் பாடச் சொன்னால் முனகுகிற சபை, கீர்த்தனை என்றால் கூரை அதிரப் பாடுவதை வெப் கவனித்திருக்க வேண்டும். மற்றபடி ஓர் அமெரிக்கருக்கு ஆதிதாளத்தில் அக்கறை வர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. பின்னால் ஈரோட்டில் பணி செய்த மிஷனரி பாப்லி ஐயர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். கர்நாடக இசையை முறையாகக் கற்று, 1921இல் இந்திய இசையைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

இனி முழுக்க முழுக்கத் திண்டுக்கல் செய்தி. ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசை நூலை எழுதிய ஆபிரகாம் பண்டிதரைத் தஞ்சாவூர்க்காரர் என்றே உலகம் சொல்கிறது. 1859இல் சாம்பவர் வடகரையில் பிறந்த அவர், வாலிப வயதில் ஆசிரியப் பயிற்சிக்கு வந்து தங்கியது இந்தத் திண்டுக்கல்லில். இங்கேதான் சடையாண்டி என்ற வித்துவானிடம் வயலின் கற்றார். ஒரு கிறிஸ்தவ வாலிபர், ஓர் இந்து வித்துவானிடம், ஐரோப்பிய வாத்தியத்தில், தமிழ் இசையைக் கற்றார். இந்த ஒரு வரியில் எத்தனை எல்லைகள் அழிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவர் பின்னால் தஞ்சையில் மூலிகை மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தை இசையில் கொட்டினார். 1912 முதல் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். 1917இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் வரும் அந்தப் பெருநூலைத் தம் சொந்த அச்சகத்திலேயே அடித்து வெளியிட்டார். மேற்கத்திய இசையும் அவருக்குத் தெரியும். இரண்டு கையிலும் இரண்டு மரபை வைத்துக்கொண்டிருந்த மனிதர். ‘வெளிநாட்டு வாத்தியம் ஆலயத்துக்கு ஆகாது’ என்று இந்த ஊரில் யாராவது பேசினால், அந்த வயலினை ஞாபகப்படுத்துங்கள். சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொண்டு கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர். வயலின் இல்லாத கச்சேரியை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா?

இத்தனையும் சொன்னது புதிய பாட்டுக்காரர்களுக்கு வக்காலத்து வாங்க அல்ல. பழைய பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்கிறவர்கள் எதைக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்க்கத்தான்.

கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். ஆனந்தபைரவி என்று இருக்கும். சபை பாடுவதைக் கேட்டால் ஆனந்தமும் இருக்காது, பைரவியும் இருக்காது. காரணம் ஆர்மோனியம். அதில் சுரங்கள் கட்டைக்குக் கட்டை நின்றுவிடும். ஆனந்தபைரவிக்கு உயிர் கமகத்தில். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற அசைவில். பெட்டியில் அது வராது. சங்கராபரணம் ஓரளவு பிழைத்துக்கொள்ளும், மேஜர் ஸ்கேல் என்று பெயர் மாற்றிக்கொண்டு. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தையே தள்ளி வைத்து, 1971 வரை உள்ளே விடவில்லை என்பது கூடுதல் தகவல். நாம் நூறு ஆண்டாக அந்தப் பெட்டியைத்தான் பாரம்பரியம் என்று பூட்டிப் பாதுகாத்து வருகிறோம். பூட்டு விஷயத்தில் நம் ஊரை மிஞ்ச ஆளில்லை!

பிறகு, சரணம் வெட்டும் பழக்கம். நேரம் ஆகிவிட்டது என்று பல்லவி, முதல் சரணம், கடைசிச் சரணம் மட்டும் பாடுவோம். பாடுகளைச் சொல்லும் நீண்ட கீர்த்தனைகளில் ஒவ்வொரு சரணமும் கதையின் ஒரு கட்டம். நடுவை வெட்டினால் என்ன ஆகும்? கெத்செமனேயில் ஜெபித்துக்கொண்டிருந்தவர் அடுத்த சரணத்தில் உயிர்த்தெழுந்து நிற்பார். சிலுவை காணாமல் போயிருக்கும். இதைச் செய்வது வாலிபர்கள் அல்ல. நாம்தான்.

பாமாலையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஐரோப்பிய மெட்டு எங்கே நீட்டச் சொல்கிறதோ அங்கே தமிழ்க் குறில் வந்து மாட்டிக்கொள்ளும். ‘மனம்’ பாடினால் ‘மானம்’ என்று கேட்கும். மொழிபெயர்த்தவர்கள் மகான்கள், ஆனால் மெட்டுக்குள் வார்த்தையை அடைக்கும்போது தமிழ் மூச்சுத் திணறியதும் உண்மை. சிறுவயது முதல் பாடிப் பழகியவர்களுக்கு அது தெரியாது. முதன்முறை கேட்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அவன் பாடாமல் நிற்பதைத் திமிர் என்று எண்ணாதீர்கள்.

இந்த இடத்தில் புதிய பாடல்கள் ஜெயித்தன. அவை தெருவில் பேசும் தமிழில், சினிமாப் பாட்டின் நடையில் வந்தன. குறில் குறிலாகவே இருந்தது. ஒருமுறை கேட்டால் பாடலாம். கன்வென்ஷன் மேடைகளிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து கைப்பேசிக்கும் ஓடின. சாராள் நவரோஜி அம்மையாரின் பாடல்கள், டி.ஜி.எஸ். தினகரன் அவர்களின் பாடல்கள், கத்தோலிக்கக் குருவாயிருந்து பின்னர் அந்தத் திருச்சபையிலிருந்து வெளியே வந்த பெர்க்மான்ஸ் அவர்களின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ எல்லாம் சபை மதில்களைத் தாண்டின. இது சாதாரண விஷயமில்லை. பெண் வீடு சி.எஸ்.ஐ., மாப்பிள்ளை வீடு கத்தோலிக்கம் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை திருமணங்கள் நடக்கின்றன! பாமாலை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது, அவர்களுடைய பாட்டு பெண் வீட்டாருக்குத் தெரியாது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து வாய்திறக்கும் பாட்டு ஒரு கன்வென்ஷன் பாட்டாகத்தான் இருக்கும். ஐந்நூறு ஆண்டு இறையியல் தகராறு செய்யாததை ஒரு கேசட் செய்திருக்கிறது.

ஆனால் துக்க வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். இரவு பதினொரு மணி. குளிர்பெட்டி ஓசையிட்டுக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ‘ஒரு பாட்டுப் பாடுங்களேன்’ என்று யாரோ சொல்கிறார்கள். வாலிபர்கள் கைப்பேசியை எடுத்து விரலால் தேடுகிறார்கள், தேடிக்கொண்டே இருக்கிறார்கள். புதிய பாடல்களில் வெற்றி இருக்கிறது, ஆசீர்வாதம் இருக்கிறது, எதிரியின் தலையை மிதிப்பது இருக்கிறது. சாவு வீட்டில் பாட ஒன்று வேண்டுமென்றால் சுலபத்தில் அகப்படாது. அதற்குள் மூலையில் சுவரோரம் சாய்ந்திருக்கும் ஒரு கிழவி புத்தகம் இல்லாமல், சுருதிப்பெட்டி இல்லாமல் ஒரு கீர்த்தனையை எடுப்பாள். அடுத்தவள் சேர்ந்துகொள்வாள். ஐந்து சரணமும் வரும். இத்தனைக்கும் அந்தக் கிழவிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாமல் இருக்கலாம். அவள் காலத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் யார் பாடுவார்கள் என்பதுதான் எனக்குள்ள உண்மையான கவலை. மற்றதெல்லாம் ரசனைச் சண்டை.

புதிய பாடல்களில் எனக்குள்ள முதல் குறை, ‘நான், எனக்கு, என்னை’ என்றே அவை சுற்றிச் சுற்றி வருவது. கூடி நிற்கும் முந்நூறு பேரும் தனித்தனியாக முந்நூறு ‘நான்’ பாடுகிறார்கள். அடுத்த வீட்டுக்காரனும் மழையில்லாத கத்தரிக்காய்த் தோட்டமும் வேலையில்லாத பிள்ளையும் அந்தப் பாட்டுக்குள் வருவதில்லை. இரண்டாவது குறை தொழில்நுட்பம் சார்ந்தது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது சரிசெய்யக் கூடியது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுபவர் தேர்ந்த பாடகர். அவர் குரலுக்கு ஏற்ற உச்சத்தில் பாடிப் பதிவு செய்கிறார். நம் கீபோர்டு தம்பி அதை யூடியூபில் பார்த்துக் கார்டுகளைக் கற்கிறார். அதே சுருதியில் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறார். பல்லவியில் எல்லாரும் பாடுகிறார்கள். சரணம் மேலே ஏறுகிறது. ஆண்களில் பாதிப் பேர் அங்கே நின்றுவிடுகிறார்கள். மீதிப் பேர் கீழ் ஸ்தாயிக்குக் குதித்து உறுமுகிறார்கள். பெண்கள் கீச்சுக் குரலில் எட்டிப் பார்த்துவிட்டு அடங்கிவிடுகிறார்கள். மேடையில் இருப்பவருக்கு இது கேட்பதில்லை. அவர் காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கிறது, அதில் அவர் குரல்தான் கேட்கிறது. சபை பாடுகிறது என்று நம்பிக் கண்ணை மூடிக் கையை உயர்த்துகிறார். உண்மையில் அந்த நிமிடம் ஆலயத்தில் பாடிக்கொண்டிருப்பது ஸ்பீக்கர் ஒன்றுதான். அவர் வாசிக்கும் கருவியிலேயே ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. இரண்டு முறை அழுத்தினால் ஒரு கட்டை இறங்கும். அந்தப் பொத்தானுக்கு எந்தச் சபையிலும் கமிட்டித் தீர்மானம் தேவையில்லை.

ஓசை மிகும்போதெல்லாம் சட்டம் போட்டுத் தடுக்கும் யோசனையும் புதிதல்ல. 1903இல் பத்தாம் பத்திநாதர் திருத்தந்தை ஓர் ஆணையே பிறப்பித்தார்: நாடக இசை கூடாது, பியானோ கூடாது, பறைகளும் தாளங்களும் கூடாது. அதே ஆணை பெண்களையும் பாடகர் குழுவில் சேர்க்கக் கூடாது என்றது. இன்று நம் மறைமாவட்டத்தில் அருட்சகோதரிகளையும் பள்ளி ஆசிரியைகளையும் எடுத்துவிட்டால் எத்தனை பாடகர் குழு மிஞ்சும்? இங்கிலாந்தில் சங்கீதங்களைத் தவிர வேறெதையும் பாடத் தயங்கிய சபைகளுக்கு ஐசக் வாட்ஸ் 1707இல் புதுப் பாடல்களைக் கொடுத்தபோது அங்கேயும் முணுமுணுப்பு எழுந்தது. அவருடைய பாடல்களின் தமிழாக்கத்தைத்தான் இன்று நாம் பழைமை என்று கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊரில் இந்தப் பழையது, புதியது இரண்டிலும் சேராத ஒரு மூன்றாவது இசை இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பு முடியாது.

திண்டுக்கல் பூட்டு ஊர் மட்டுமல்ல, தோல் ஊர். பேகம்பூர்ப் பக்கம் போனால் தோல் பதனிடும் தொட்டிகளின் வாடை சொல்லும். தோல் இங்கே, அந்தத் தோலில் செய்த பறை எங்கே? தெருவில் உண்டு, சாவில் உண்டு, திருவிழாவில் உண்டு. பீடத்துக்கு முன்னால் மட்டும் ரொம்ப காலம் இல்லை. மிருதங்கமும் தோல்தான். அது உள்ளே வந்தது, பறை வாசலில் நின்றது. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பந்தியைப் பிரித்த அதே கைதான் வாத்தியத்தையும் பிரித்தது. சாஸ்திரியாரைப் பற்றி முன்னால் சொன்னது இதற்காகத்தான்.

இதை முகத்துக்கு நேரே கேட்டவர் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்குப் பறட்டை அண்ணன். 2005இல் மறைந்தார். கீர்த்தனை உயர்சாதி இசை, பாமாலை வெள்ளைக்காரன் இசை, நம் சபையில் பெரும்பான்மையோரான தலித் மக்களின் இசை எங்கே என்பது அவர் கேள்வி. நாட்டுப்புற மெட்டில் ஒரு முழு வழிபாட்டையே அமைத்தார். பாடுகிற சனங்களே தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம், வாத்தியார் தேவையில்லை என்பதுதான் நாட்டுப்புறப் பாட்டின் பலம் என்று நம்பினார். ‘ஒரே உலை’ என்பது அவர் இறையியலின் மையம்: ஒரே பானையில் பொங்கி எல்லாரும் உண்பது.

அந்த ஒரே உலையைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். ஆகஸ்டு மாதம் முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவுக்குப் போனால் போதும். ஆடும் கோழியும் அரிசியும் நேர்ச்சையாக வந்து குவிகின்றன. இரவு முழுக்கச் சமைத்துப் பல்லாயிரம் பேருக்குப் போடுகிறார்கள். என்ன மதம், என்ன ஆள் என்று கேட்பதில்லை. மேட்டுப்பட்டி வியாகுல அன்னை ஆலயத்தில் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்கு நாடகத்தையும் பாருங்கள். மேடையில் வேடம் கட்டி நடிப்பதும் பாடுவதும் அந்தந்த ஊர் மக்கள். கீழே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குப் பாதிப் பாட்டு மனப்பாடம். இந்தப் பாட்டைப் பழையது என்று யாரும் ஒதுக்குவதில்லை, புதியது என்று யாரும் பயப்படுவதும் இல்லை. நம் பாடகர் குழுக்களில் எத்தனை பேர் அங்கே போய் உட்கார்ந்து அந்த மெட்டுகளைக் குறித்து எடுத்திருக்கிறோம்?

வீரமாமுனிவர் என்ற பெஸ்கி பெயரில் இயேசு சபையாரின் இல்லம் இந்த ஊரில் இருக்கிறது. அந்த வீரமாமுனிவர் வளனைத் தலைவனாக்கி 3615 பாடல்களில் ‘தேம்பாவணி’ பாடினார், புலவர்கள் வியந்தார்கள். அதே கையால் கித்தேரியம்மாள் மேல் அம்மானையும் எழுதினார். அம்மானை பெண்கள் கூடிப் பாடும் வடிவம். காப்பியம் எழுதிய புலவருக்கு அம்மானை எழுதுவது இழுக்காகப் படவில்லை. பேராலயம் வளனார் பெயரில் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு நாம் ஒரு வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு வாரம் பழையது, ஒரு வாரம் புதியது என்று பங்கு பிரிக்கும் ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கையில்லை. சொத்துப் பாகப்பிரிவினை மாதிரி ஆகிவிடும். அவரவர் பங்கை அவரவர் எண்ணிக்கொண்டிருப்பார்கள். முதல் ஆராதனை பெரியவர்களுக்கு, இரண்டாம் ஆராதனை வாலிபர்களுக்கு என்று பிரிப்பது அதைவிட மோசம். தாத்தாவும் பேரனும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து பாட இந்த உலகத்தில் வேறு இடம் மிச்சமில்லை. அதையும் நாமே மூடிவிட வேண்டாம்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாலிபர்கள் கீர்த்தனை பாடுவதில்லை என்று குறைப்படுகிறீர்கள். அவர்களுக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்களா? விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஆங்கில ஆக்ஷன் சாங் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு கீர்த்தனையையாவது ராகத்தோடு, தாளம் போட்டு, எல்லாச் சரணத்தோடும் சொல்லிக்கொடுத்தோமா? அந்தத் துக்க வீட்டுப் பாட்டிகளை ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவர்கள் பாட, பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். அந்தக் கைப்பேசிக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது. இதைத் தள்ளிப்போட முடியாது. அந்தப் பாட்டிகள் எல்லாருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது.

வாலிபர்களிடம் இன்னொன்று. சென்னையில் பதிவான பாட்டைப் பாடுவதோடு நிறுத்தாமல் நீங்களே எழுதுங்கள். அடக்கத்துக்கு ஒரு பாட்டு, மழைக்கு ஒரு பாட்டு, வேலை கிடைக்காத வருஷத்துக்கு ஒரு பாட்டு. மெட்டு வேண்டுமென்றால் மேட்டுப்பட்டிக்குப் போங்கள். பறையடிக்கத் தெரிந்த பையன் உங்கள் குழுவில் இருந்தால் அவனைப் பேடுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

ஆயர்களுக்கும் பாடகர் குழுத் தலைவர்களுக்கும் அடுத்த ஞாயிறே செய்து பார்க்க ஒன்று சொல்லிவிட்டு அமர்கிறேன். சுருதியை இறக்குங்கள். எந்தப் பாட்டானாலும் கடைசிச் சரணத்தில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்தி, மைக்கையும் அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக் கேளுங்கள். சபை பாடினால் அந்தப் பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். அமைதியாக இருந்தால், அது சாஸ்திரியார் பாட்டோ போன மாதம் யூடியூபில் வந்த பாட்டோ, ஆராதனைக்குப் பிறகு பத்து நிமிடம் எல்லாரையும் இருக்கச் சொல்லி வரி வரியாகக் கற்றுக்கொடுங்கள். இரண்டு மாதம் கற்றுக்கொடுத்தும் வரவில்லையென்றால் விட்டுவிட்டு வேறு பாட்டு எடுங்கள்.